பத்துப் பேர் கூடினால் குற்றம்: பாலஸ்தீனப் பாட்டை யார் காப்பது?

1967 ஜூனில் மேற்குக் கரையைப் பிடித்த இஸ்ரேல் ராணுவம், இரண்டே மாதத்தில் ஓர் ஆணை போட்டது. ராணுவ ஆணை எண் 101. அரசியல் என்று பொருள்கொள்ளத்தக்க எதற்காகவும் 10 பேரோ அதற்கு மேலோ கூட வேண்டுமானால் ராணுவத் தளபதியின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கொடி பிடிக்கக் கூடாது. மீறினால் 10 ஆண்டு வரை சிறை. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த ஆணை மேற்குக் கரையில் உயிரோடு இருக்கிறது.

இப்போது ஒரு தப்கே வரிசையை நினைத்துப் பாருங்கள். கைகோத்து, தோளோடு தோள் உரச, தரையை உதைத்து ஆடுகிறவர்கள். வரிசையின் தலையில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆட்டத்தை நடத்துகிறவர். குழல் ஊதுகிறவர், தபலா அடிக்கிறவர், சுற்றிநின்று கைதட்டும் ஊர்க்காரர்கள். எண்ணிப் பார்த்தால் பத்தைத் தாண்டிவிடும். அவர்கள் பாடுவது ஒரு கிராமத்தைப் பற்றி. அந்தக் கிராமம் இன்று வரைபடத்தில் இல்லை. இது கல்யாணமா, அரசியலா? முடிவு செய்யும் அதிகாரம் மணமக்கள் வீட்டாரிடம் இல்லை, தளபதியிடம் இருக்கிறது.

பாலஸ்தீன நாட்டுப்புற இசையைப் 'பாதுகாப்பது' பற்றிப் பேசும் எவரும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் தொடங்குவதில்லை. மரபு, பாரம்பரியம், தொன்மை, அழிந்துவரும் கலை என்று பேசுகிறார்கள். ஏதோ அந்த இசை தானாகவே வயதாகி, தானாகவே இருமி, தானாகவே படுத்துக்கொண்டது போல. என் வாதம் எளிமையானது. அந்த இசையை அழிக்க நினைப்பவர்கள் அது பாடப்படும் கூட்டத்தைத்தான் எப்போதும் குறிவைத்திருக்கிறார்கள். ஆகவே அதைக் காப்பதென்றால் மக்கள் கூடிநின்று பாடும் உரிமையைக் காப்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆட்டத்துக்குச் சான்றிதழ், ஆடும் காலுக்குக் குண்டு

2023 டிசம்பரில் யுனெஸ்கோ தப்கேவைப் பாலஸ்தீனத்தின் மரபு நடனம் என்று அறிவித்து, மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது. பெண்கள் கதை சொல்லும் 'ஹிகாயே' மரபு 2008லேயே அந்தப் பட்டியலில் இருக்கிறது. 'தத்ரீஸ்' என்னும் பூத்தையல் 2021இல் சேர்ந்தது. இவற்றை நான் சிறுமைப்படுத்தவில்லை. பாலஸ்தீனம் என்ற பெயரையே உச்சரிக்க மறுக்கும் உலகத்தில், அந்தப் பெயரை ஒரு சர்வதேச ஆவணத்தில் எழுதவைத்தது போராட்டத்தின் வெற்றிதான்.

ஆனால் அந்த டிசம்பரில் காஸா எப்படி இருந்தது? அதற்கு முந்தைய மாதம்தான் காஸா நகரின் ரஷாத் ஷவ்வா பண்பாட்டு மையம் இடித்துத் தள்ளப்பட்டிருந்தது. அதே நவம்பரில் காஸா நகராட்சியின் மைய ஆவணக் காப்பகம் அழிக்கப்பட்டது. டிசம்பரில் பழமையான ஒமரி பள்ளிவாசல் நொறுங்கியது. இஸ்ரேலுக்கு ஆயுதம் தரும் நாடுகளில் முதல் இரண்டு இடங்களில் இருப்பவை அமெரிக்காவும் ஜெர்மனியும். அந்த ஆண்டில் இரண்டும் யுனெஸ்கோவின் உறுப்பு நாடுகள். ஒரு கை சான்றிதழ் நீட்டியது, மறு கை குண்டு அனுப்பியது. மரபு என்ற சொல்லில் இருந்து மக்களை உருவிவிட்டால் மிஞ்சுவது இந்த வெட்கமின்மைதான்.

காப்பகங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காப்பகம் என்பது விதைநெல். கோட்டை கட்டிப் பத்திரமாக வைக்கத்தான் வேண்டும். ஆனால் விதைக்க நிலமே இல்லாதவனிடம் விதைநெல்லைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது ஏமாற்று வேலை. தவிரவும், கோட்டையையே தூக்கிக்கொண்டு போகும் எதிரி இவன். 1982இல் பெய்ரூட்டுக்குள் நுழைந்த இஸ்ரேல் ராணுவம், பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் ஆய்வு மையத்திலிருந்த நூல்களையும் ஆவணங்களையும் வண்டி வண்டியாக அள்ளிச் சென்றது. ஒரே கட்டடத்தில் இருப்பதை ஒரே நாளில் அள்ளிவிடலாம். நாற்பது பேருக்குத் தெரிந்த பாட்டை அள்ளுவதற்கு நாற்பது பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இது தனியாகப் பாடும் பாட்டல்ல

ஏன் மேடையும் முற்றமும் இவ்வளவு முக்கியம்? அந்த இசை கட்டப்பட்டிருக்கும் விதமே அப்படி.

'அதாபா' என்றொரு பாடல் வகை. நான்கு அடி. முதல் மூன்று அடிகளும் ஒரே சொல்லில் முடியும். ஒவ்வொரு முறையும் பொருள் மாறும். நம் இலக்கணத்தில் மடக்கு என்று படித்திருப்போமே, அதுபோல. பாடகர் அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் எப்படித் திருப்பப் போகிறார் என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். திருப்பம் விழுந்ததும் ஆரவாரம் எழும். அந்த ஆரவாரமும் பாட்டின் பகுதிதான். கல்யாணங்களில் இரண்டு பாட்டுக்காரர்கள் எதிரெதிரே நின்று அடிக்கு அடி பதில் கட்டுவார்கள். வரிசையாக நிற்கும் ஆண்கள் கைதட்டித் தாளம் கொடுத்து, பல்லவியைத் திரும்பச் சொல்வார்கள். பெண்களுக்குத் தனிப் பாடல்கள். மருதாணி இரவில் நான்கு வரி சொல்லி, முடிவில் எல்லோரும் சேர்ந்து குலவை இடுவார்கள். நம் ஊர்க் குலவைக்கு அங்கே 'ஸக்ரூதா' என்று பெயர். இவற்றில் எதையும் கேட்பவர் இல்லாமல் பாட முடியாது. பாடுகிறவருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

'தல்ஊனா' என்பது தப்கேவுக்கான மிகப் பரவலான மெட்டு. மண் கூரை போட்ட வீடுகளில் மழைக்கு முன்னால் அக்கம்பக்கத்தார் கூடி மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்துவார்களாம். அந்த மிதியிலிருந்து பிறந்ததே தப்கே என்று மக்கள் சொல்கிறார்கள். 'அவ்னா' என்றால் கூட்டு உதவி. தல்ஊனா என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வரலாற்று ஆசிரியர்கள் இதை ஏற்கட்டும், மறுக்கட்டும். ஒரு சமூகம் தன் ஆட்டத்துக்கு இப்படியொரு கதையை வைத்திருக்கிறது என்பதே போதும். ஒருவர் வீட்டுக் கூரைக்கு எல்லோருடைய காலும்.

1948 நக்பாவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் விரட்டப்பட்டார்கள். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாக்கப்பட்டு, பெரும்பாலானவை தரைமட்டமாக்கப்பட்டன. மண் கூரை போனது, அறுவடைக் களம் போனது, பதில் கட்டிய எதிர்ப்பாட்டுக்காரர் வேறொரு நாட்டு அகதி முகாமில் கிடந்தார். கிராமம்தான் அந்த இசையின் கருவி. குழலும் தபலாவும் அதற்கு அடுத்துத்தான். கருவியே உடைக்கப்பட்ட பிறகும் பாட்டு மிஞ்சியது எப்படி? மக்கள் கிடைத்த இடத்திலெல்லாம் மறுபடி கூடினார்கள். முகாமில், சிறையில், பல்கலைக்கழக வளாகத்தில், கல்யாண வீட்டில்.

ராணுவத்துக்குத் தெரிந்த உண்மை

"பாட்டுதானே, அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்கள் நமக்குள் உண்டு. பாட்டில் என்ன இருக்கிறது என்று அறிய, அதற்குப் பயந்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால் போதும்.

1930 ஜூன் 17 அன்று அக்கா சிறையில் மூன்று பாலஸ்தீன இளைஞர்களைப் பிரிட்டிஷ் அரசு தூக்கிலிட்டது. முஹம்மத் ஜம்ஜூம், ஃபுஆத் ஹிஜாஸி, அதா அல்-ஸீர். அவர்களைப் பற்றிப் பாட்டுக் கட்டியவர் நூஹ் இப்ராஹீம் என்ற மக்கள் கவிஞர். 1936இல் தொடங்கிய பெருங்கிளர்ச்சியில் அவர் பாடல்கள் ஊர் ஊராகப் பரவின. பிரிட்டிஷார் அவரைச் சிறையில் போட்டார்கள், பாடல்களைத் தடை செய்தார்கள். 1938இல் அவர் கொல்லப்பட்டார். பின்னாட்களில் 'அல்-ஆஷிகீன்' குழு அக்கா சிறைப் பாட்டை மேடையேற்றியது. இன்றும் அது பாடப்படுகிறது. தடை போட்ட பேரரசு எங்கே இருக்கிறது?

1948க்குப் பிறகு இஸ்ரேலுக்குள் எஞ்சிய பாலஸ்தீனர்கள் 1966 வரை ராணுவ ஆட்சியின் கீழ் வைக்கப்பட்டார்கள். பக்கத்து ஊருக்குப் போகவே அனுமதிச் சீட்டு. பொதுக்கூட்டத்துக்கும் கட்சிப் பணிக்கும் கடும் கட்டுப்பாடு. மிஞ்சியது கல்யாணம். அங்கே பாட வரும் கவிஞர்தான் பத்திரிகை, அவர்தான் மேடைப் பேச்சாளர், அவர்தான் வரலாற்று ஆசிரியர். கல்யாணப் பாட்டுக்காரர்களை வேவு பார்க்கும் நிலைக்கு ஓர் அரசு இறங்கியது என்றால், அந்த அரசு பாட்டைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

1979இல் அல்-பீரேவில் சில இளைஞர்கள் சேர்ந்து 'எல்-ஃபுனூன்' மக்கள் நடனக் குழுவைத் தொடங்கினார்கள். மூத்தவர்களிடம் போய்ப் பாட்டும் அடியும் கேட்டு வாங்கி, புதிதாக நிகழ்ச்சிகளாகக் கட்டினார்கள். 1980களின் இறுதியில் அவர்கள் உருவாக்கிய ஒரு நிகழ்ச்சியின் பெயர் 'மர்ஜ் இப்னு ஆமிர்'. அது 1948இல் பறிபோன பெரும் சமவெளியின் பெயர். அந்தப் பெயரை இஸ்ரேலிய வரைபடம் மாற்றிவிட்டது, மேடை மாற்றவில்லை. குழுவினர் கைது செய்யப்பட்டார்கள், வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டார்கள். ஆனாலும் ஆடினார்கள்.

1987 டிசம்பரில் முதல் இன்திஃபாதா வெடித்தபோது, ஜெருசலேமில் ரியாத் அவ்வாத் என்ற இசைக்கலைஞர் தன் சகோதரிகளுடன் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். 3,000 கேசட்டுகள் போட்டார். ராணுவம் கிடைத்ததையெல்லாம் பறிமுதல் செய்தது. அவரைப் பிடித்து விசாரணையில் வதைத்தது. பல ஆண்டுகள் கழித்து, ஜெனீனைச் சேர்ந்த மூமின் ஸ்வைதாத், அங்கே மூடிக்கிடந்த ஒரு கேசட் கடையில் மீட்ட நாடாக்களில் அந்தப் பதிவும் இருந்தது. அவரது முயற்சியால் அது மீண்டும் வெளிவந்தது. பார்த்தீர்களா, காப்பகமும் தன் வேலையைச் செய்தது. விதைநெல் மறுபடி வயலுக்கு வந்தது.

இன்னொரு பெயர்: ஸுஹைல் கூரி. இன்திஃபாதா பாடல்கள் கொண்ட 'ஷரார்' என்ற கேசட்டுக்காக 1988இல் கைதாகிச் சிறைக்குப் போனவர். பின்னர் எட்வர்ட் சயீத் தேசிய இசைப் பள்ளியின் பொறுப்பாளராக ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இசைக் கல்வி கொண்டுபோனார். 2020 ஜூலை 22 அன்று இஸ்ரேல் காவல்துறை கிழக்கு ஜெருசலேமில் அந்த இசைப் பள்ளிக்குள்ளும் யபூஸ் பண்பாட்டு மையத்துக்குள்ளும் புகுந்து சோதனையிட்டது. கூரியும், யபூஸ் மையத்தின் இயக்குநரான ரானியா எலியாஸும் கைது செய்யப்பட்டார்கள். 32 ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர், ஒரே ஜெருசலேம், இரண்டு கைதுகள். கேசட் வைத்திருந்தால் கைது. வகுப்பு நடத்தினாலும் கைது.

பாட்டில் ஒன்றுமில்லை என்று இனியும் யாராவது சொன்னால், இந்தச் செய்தியை முதலில் ராணுவத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.

திருடியவர்கள் எதைத் திருடினார்கள்?

அழிப்பதற்கு இன்னொரு பெயர் சுவீகரிப்பது. 1940களில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூத நடன அமைப்பாளர்கள் 'நாட்டுப்புற நடனம்' ஒன்றைத் திட்டமிட்டு உருவாக்கினார்கள். 1944இல் தாலியா என்ற கிப்புட்ஸில் இதற்காகவே பெரிய விழா நடந்தது. நடத்தியவர் ஜெர்மனியில் பிறந்த குரித் கத்மன். ருமேனிய ஹோராவிலிருந்து கொஞ்சம், ஏமன் யூதர்களிடமிருந்து கொஞ்சம், பாலஸ்தீனரின் தப்கேவிலிருந்து கொஞ்சம். தப்கே அங்கே 'டெப்கா' ஆனது. மண்ணோடு வேர் பிடித்தவர்கள் போல் தெரிய வேண்டும், அதற்கு மண்ணின் மக்களுடைய அடி வேண்டும். அந்த அடியை வைத்த கால்கள்தான் வேண்டாம். நான்கே ஆண்டுகளில் அந்தக் கால்கள் எல்லைக்கு வெளியே துரத்தப்பட்டன.

கலைகள் கலக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தப்கே லெபனானிலும் சிரியாவிலும் ஜோர்டானிலும் இராக்கிலும் ஆடப்படுகிறது. யாரும் யாரையும் திருடன் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் குழம்பு வாங்கிச் சாப்பிடுவது வேறு; பக்கத்து வீட்டுக்காரரை விரட்டிவிட்டு அவர் அடுப்பில் சமைத்து, இது எங்கள் வீட்டுக் குழம்பு என்பது வேறு.

இதற்குப் பதிலடி எங்கே கிடைக்கும்? காப்புரிமை வழக்கில் கிடைக்காது. பெத்லஹேமை ஒட்டிய ஆய்தா அகதி முகாமில் 1998இல் தொடங்கிய 'அல்ரொவ்வாத்' மையத்தில், மதிற்சுவரின் நிழலில் குழந்தைகள் தப்கே பழகுகிறார்கள். ஒரு குழந்தை அந்த அடியைத் தன் முகாமில், தன் தாத்தா ஊரின் பெயரைச் சொல்லி வைக்கும்போதுதான் அந்த அடி உரியவரிடம் திரும்புகிறது.

தூய்மை பேசுவோரும் காவலர்கள்தான்

எதிரிக்கு வெளியே உள்ளேயும் சில காவலர்கள் உண்டு. பழைய மெட்டை அப்படியே பாட வேண்டும், கீபோர்டு கூடாது, பெண்களும் ஆண்களும் ஒரே வரிசையில் ஆடக் கூடாது என்பவர்கள். 2005இல் கல்கிலியாவில் ஹமாஸ் கையிலிருந்த நகராட்சி, பாலஸ்தீன சர்வதேச விழாவின் நிகழ்ச்சியைத் தன் ஊரில் நடத்த மறுத்தது. 2007இல், இப்ராஹீம் முஹாவியும் ஷரீஃப் கனானாவும் தொகுத்த பாலஸ்தீன நாட்டுப்புறக் கதைத் தொகுப்பைப் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றக் கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. மரபின் பெயரால் மரபையே தடை செய்த கூத்து இது.

கலைஞர்கள் இதற்குத் தங்கள் வழியில் பதில் சொன்னார்கள். நாசரேத்தில் பிறந்த ரீம் பன்னா, 2018இல் மறையும்வரை, மறந்துபோய்க்கொண்டிருந்த தாலாட்டுகளையும் குழந்தைப் பாடல்களையும் தேடிப் பிடித்துப் புதிய இசையில் பாடினார். 1980இல் ஜெருசலேமில் தொடங்கிய 'ஸப்ரீன்' பழைய கருவிகளோடு புதிய கவிதையைச் சேர்த்தது. 2013இல் அம்மானில் உருவான '47ஸோல்' குழு, தப்கே தாளத்தையும் மிஜ்விஸ் என்னும் இரட்டைக் குழலின் சுருதியையும் மின்னணு இசைக்குள் கொண்டுவந்தது. இதெல்லாம் கலப்படம் என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: அதாபா பாடியவர் என்றைக்காவது நேற்றுப் பாடியதை இன்றும் அப்படியே பாடினாரா? அங்கேயே கட்டி அங்கேயே பாடுவதுதானே அந்த மரபு? மாறாமல் வைத்தால்தான் அது மரபு மீறல்.

வரிசையின் ஓரத்தில் நிற்பவர்

சாதி ஒழிப்பு இயக்கத்தில் நிற்கும் நாம் கேட்காமல் விடக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. மக்கள் கலை என்கிறோமே, எந்த மக்கள்?

பாலஸ்தீனத் தேசியத்தின் பண்பாட்டுச் சித்திரத்தில் நடுநாயகமாக நிற்பவர் 'ஃபல்லாஹ்', அதாவது விவசாயி. மானுடவியலாளர் டெட் ஸ்வீடன்பர்க் 1990இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நிலம் பறிக்கப்பட்ட மக்களுக்கு விவசாயி அடையாளமாவது இயல்பு. ஆனால் அந்தச் சித்திரத்தின் ஓரத்தில் கூட இடம் கிடைக்காதவர்கள் உண்டு. அவர்களில் ஒரு சமூகம் தோம் மக்கள். ஜெருசலேம் பழைய நகரத்திலும் காஸாவிலும் வாழ்ந்தவர்கள். கொல்லு வேலையும், கல்யாணங்களில் கொட்டும் குழலும் ஆட்டமும் அவர்கள் பிழைப்பாக இருந்தன. அவர்களை ஊர் 'நவர்' என்று அழைக்கும். அரபியில் அது வசைச்சொல்லும்கூட. 1948லும் 1967லும் அவர்களும்தான் அகதிகளானார்கள். அவர்களின் தோமரி மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெருசலேமில் அதைப் பேசுவோர் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள். தோம் என்ற பெயரை, வட இந்தியாவில் கொட்டடிக்கவும் பிணம் எரிக்கவும் ஒதுக்கப்பட்ட டோம் சாதியின் பெயரோடு மொழியியலாளர்கள் இணைக்கிறார்கள். மேள ஓசை எல்லோருக்கும் வேண்டும், மேளக்காரர் மட்டும் வேண்டாம் என்ற கதையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் இல்லையா? பாலஸ்தீனத்தில் இருப்பது சாதி அமைப்பு என்று நான் சொல்லவில்லை. அது வேறு சமூகம், வேறு வரலாறு. ஆனால் இழிவின் வாடை நம் மூக்குக்குத் தெரியும்.

உடனே ஒருவர் குதித்து எழுவார்: "பார்த்தீர்களா, அவர்களுக்குள்ளேயே இவ்வளவு ஏற்றத்தாழ்வு! முதலில் அவர்கள் திருந்தட்டும்." இது ஆக்கிரமிப்பாளரின் வாதம். எதிரியின் குண்டு தோம் வீடு, ஃபல்லாஹ் வீடு என்று பார்த்து விழுவதில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் சொல்வார்: "விடுதலை வரட்டும், இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." இதுவும் நமக்குப் பழகிய குரல்தான். சமூகச் சீர்திருத்தமா, அரசியல் சீர்திருத்தமா என்று காங்கிரஸ்காரர்கள் போட்ட சண்டையையும், அதில் சமூகச் சீர்திருத்தம் எப்படிக் கழற்றிவிடப்பட்டது என்பதையும் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலின் தொடக்கத்திலேயே எழுதினார். விடுதலைக்கு வரிசை எண் போட முடியாது. பாலஸ்தீன விடுதலையை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஆதரிப்போம். அந்த விடுதலைக்குள் தோம் இசைக்கலைஞருக்கும், மேடையேறும் பெண்ணுக்கும் இடம் கேட்போரின் பக்கமும் நிற்போம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதற்குப் பெயர்தான் தோழமை.

"பாட்டு குண்டை நிறுத்துமா?"

நிறுத்தாது. 2018 ஆகஸ்ட் 9 அன்று காஸாவின் ஸயீத் அல்-மிஷால் பண்பாட்டு மையத்தின் மேல் குண்டு விழுந்தபோது எந்தப் பாட்டும் அதைத் தடுக்கவில்லை. நாடகமும் இசையும் தப்கேவும் பழகிய அந்த ஐந்து மாடிக் கட்டடத்தை ஹமாஸ் பயன்படுத்தியதாக ராணுவம் காரணம் சொன்னது. கலைஞர்கள் அந்த இடிபாடுகளின் மேலேயே நின்று பாடினார்கள்.

2025இல் காஸாவின் கூடாரங்களுக்கு நடுவில் அஹ்மத் அபு அம்ஷா என்ற இசை ஆசிரியர், இடம்பெயர்ந்த குழந்தைகளைச் சேர்த்துப் பாட வைத்தார். தலைக்கு மேல் டிரோன் இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலையே சுருதியாக வைத்துக்கொண்டு அவர்கள் பாடினார்கள். உலகம் முழுக்க அந்தக் காணொலி பரவியது. பலர் 'நம்பிக்கை', 'மனவலிமை' என்று எழுதி இதயக்குறி போட்டார்கள். எனக்கு அந்தச் சொற்கள் பிடிக்கவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு நம் மெச்சுதல் தேவையில்லை. டிரோன் இல்லாத வானம் தேவை. அவர்கள் செய்தது ஒன்றே: கூடாதே என்ற இடத்தில் கூடினார்கள். பத்துப் பேருக்கு மேல்.

பாட்டு குண்டை நிறுத்தாது. ஆனால் குண்டு எதை முடித்துவைக்க நினைக்கிறதோ அதை முடியவிடாமல் செய்யும். 'இங்கே மக்கள் இல்லை' என்பதுதான் குடியேற்றத்தின் முதல் பொய். நூறு பேர் சேர்ந்து பாடும் இடத்தில் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது.

நாம் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் பாலஸ்தீன ஆதரவு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கஃபியா அணிகிறோம், பாட்டைப் பகிர்கிறோம். நல்லது. ஆனால் பகிர்வதோடு நின்றுவிட்டால் நாமும் அந்த இசையைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் கைப்பேசிக்குள் அடைத்தவர்கள்தான். சில வேலைகள் உடனே முடியும்.

ஒரு பாட்டைப் போடும்போது பாடியவர் பெயரையும், அது எந்த ஊரின் பாட்டு, எந்த ஆண்டில் எதற்காகப் பாடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'அரபு இசை' என்று மொட்டையாகப் போடாதீர்கள். பாலஸ்தீனம் என்று எழுதுங்கள். பாலஸ்தீனக் கலைஞர்களை இணையவழியிலாவது அழைத்துப் பாடச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள். அதற்கு ஊதியம் கொடுங்கள். தோழமை என்ற பெயரில் கலைஞரிடம் இலவசமாக வேலை வாங்கும் பழக்கத்தைப் பறை, தவில் கலைஞர்களிடம் இங்கே பார்த்துச் சலித்துவிட்டோம். 2004இல் பாலஸ்தீனக் கல்வியாளர்களும் கலைஞர்களும் விடுத்த பண்பாட்டுப் புறக்கணிப்பு அழைப்பைப் படியுங்கள். இஸ்ரேல் அரசின் பணத்தில் நடக்கும் இசை விழா, திரைப்பட விழா எதுவானாலும் உங்கள் கல்லூரிக்குள் வரவிடாதீர்கள். 'இசைக்கு அரசியல் இல்லை' என்று யாராவது சொன்னால் ராணுவ ஆணை 101ஐக் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், கூடுங்கள். அரங்க அனுமதி கிடைக்காது, காவல்துறை இழுத்தடிக்கும், நிர்வாகம் மிரட்டும். இவையெல்லாம் நமக்கும் புதிதல்ல. அனுமதிக்காக நீங்கள் காவல் நிலையத்தில் காத்திருக்கும் அந்த மணி நேரத்தில், ரமல்லாவில் ஒரு தப்கே குழு ஏன் ஒத்திகையை விடாமல் நடத்துகிறது என்பது எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்லாத தெளிவோடு விளங்கும்.

தப்கே வரிசையில் ஒருவர் விழுந்தால் அந்த இடத்தைக் காலியாக விடுவதில்லை. இரு பக்கத்திலும் இருப்பவர்கள் கையை எட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள், ஆட்டம் தொடர்கிறது. இன்று அந்த வரிசையில் பல இடங்கள் காலி. கையை நீட்டுங்கள், தோழர்களே.